அப்பா அம்மாவோடு கோல்டன் கேட் பார்க்: அகாடமியா, டி யங்கா, தோட்டங்களா?

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும் வீடுகளில் சனி ஞாயிறுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கோல்டன் கேட் பாலம், பிறகு லிவர்மோர் கோயில், அப்புறம் ஏதாவது ஒரு அவுட்லெட் மால். நாலாவது ஐந்தாவது வாரத்தில் யாராவது ஒருவர் "கோல்டன் கேட் பார்க் போகலாமே" என்பார். பார்க்குக்குப் போவது என்று முடிவாகிவிடும், அங்கே எதைப் பார்ப்பது என்று முடிவாகாது.

பெயரை வைத்துப் பாலம் இதற்குள் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பாலம் வடக்கே சில மைல் தள்ளி இருக்கிறது. இந்தப் பார்க் 1,017 ஏக்கர், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரியது. அரை மைல் அகலத்தில், மூன்று மைல் நீளத்துக்கு, நகரத்தின் நடுவிலிருந்து பசிபிக் கடற்கரை வரை போகிறது. 1870-களில் வெறும் மணல் மேடாகக் கிடந்த இடத்தில் மரம் வைத்து உருவாக்கினார்கள். இன்று உள்ளே இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள், டிக்கெட் வாங்க வேண்டிய மூன்று தோட்டங்கள், படகு விடும் ஏரி, காட்டெருமைகள், இரண்டு காற்றாலைகள் எல்லாம் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்கு அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்.

அதனால் என் கணக்கு இதுதான்: காலையில் காசு கொடுத்துப் பார்க்கும் இடம் ஒன்று, மதியத்துக்கு மேல் காசில்லாத வெட்டவெளி ஒன்று. அருங்காட்சியகம் இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். எதிரெதிரே இருப்பதால் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். எந்த ஒன்று என்பது காரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பேரப்பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ்தான். ரென்ஸோ பியானோ வடிவமைத்து 2008-ல் திறந்த கட்டடம். மீன் காட்சியகம், கோளரங்கம், மழைக்காடு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கூரையையும் விட்டுவிடாதீர்கள். இரண்டரை ஏக்கரில் மண் பரப்பிச் செடி வளர்த்து, குன்றுகள் போல மேடு மேடாக விட்டிருக்கிறார்கள். லிஃப்டில் ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

உள்ளே பெரியவர்களுக்கு அதிகம் பிடிப்பது மழைக்காடுதான். 90 அடி உயரக் கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு சாய்வுப் பாதை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. படி இல்லை, சக்கர நாற்காலியும் போகும். பட்டாம்பூச்சி தோளில் வந்து உட்காரும். உச்சியிலிருந்து லிஃப்டில் இறங்கினால் வெள்ளம் சூழ்ந்த அமேசான் காடு. கண்ணாடிச் சுரங்கத்தில் நடக்கையில் தலைக்கு மேலே ஆளுயர மீன்கள் போகும். கோளத்துக்குள் வெப்பமும் ஈரமும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டு வெளியே ஓட, மார்ச்சில் திருச்சியிலிருந்து கிளம்பி வந்த அப்பா, "இப்பதான் ஒடம்புக்கு இதமா இருக்கு" என்று அங்கேயே நின்றுவிடுவார். கீழ்த்தளத்தில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பவளப்பாறைத் தொட்டி 25 அடி ஆழம். அதன் முன்னால் உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

நிலநடுக்க அறை ஒன்றும் உண்டு. ஒரு பழைய சான் ஃபிரான்சிஸ்கோ வீட்டின் வரவேற்பறை போல அமைத்து, 1906, 1989 நிலநடுக்கங்கள் எப்படி இருந்தன என்று தரையை ஆட்டிக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்ப வரிசையில் நிற்பார்கள். மூட்டுவலிக்காரர்கள் வெளியே நின்று பார்த்தால் போதும். கோளரங்கக் காட்சிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் இடம் பிடிக்க வேண்டும் என்பதால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். சாய்வான குவிமாடத் திரை என்பதால் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மற்றவர்களில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் நன்றாகத் தூங்கிவிடுகிறார்கள். அதுவும் ஒரு ஓய்வுதானே.

குறை என்று பார்த்தால் சத்தமும் விலையும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் ஸ்ட்ரோலர்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துத்தான் நடக்க வேண்டும். டிக்கெட் பெரியவர் ஒருவருக்கு நாற்பது டாலரை ஒட்டி வரும், நாளைப் பொறுத்து ஏறி இறங்கும். நான்கு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் இருநூறு டாலரைத் தாண்டிவிடும். அப்பா மனதுக்குள் அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார் என்பதால் டிக்கெட் விலையைச் சொல்லாமல் இருப்பது நல்லது. அதே வருடத்தில் பிள்ளைகளோடு மறுபடியும் போவீர்கள் என்றால் உறுப்பினர் அட்டை வாங்குவது லாபம். விருந்தினரையும் சேர்த்துக்கொள்ளும் வகைகள் அதில் உண்டு.

எதிர்ப் பக்கம் இருப்பது டி யங் என்ற கலை அருங்காட்சியகம். ஹெர்சாக், டி மியூரான் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 2005-ல் திறந்தது. பழைய கட்டடம் 1989 நிலநடுக்கத்தில் சேதமானதால் இது வந்தது. வெளிச்சுவர் முழுக்கத் துளையிட்ட செப்புத் தகடு. கடற்காற்று பட்டு மெல்லப் பச்சையாகட்டும் என்றே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசல் முற்றத்தில் நடக்கும்போது தரையைக் கவனியுங்கள். கல் பாவிய தளத்தில் ஒரு விரிசல் நீளமாக ஓடி வாசல் வரை போகும், வழியில் கிடக்கும் பாறைகளையும் இரண்டாகப் பிளந்திருக்கும். கொத்தனார் வேலை சரியில்லை என்று தோன்றும். ஆனால் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்ற பிரிட்டிஷ் கலைஞர், இது நிலநடுக்க பூமி என்பதை நினைவூட்டச் செய்துவைத்த கலைப்படைப்பு அது.

கட்டணம் பெரியவருக்கு இருபது டாலர், 65 வயதுக்கு மேல் கொஞ்சம் குறைவு, 17 வயது வரை இலவசம். அகாடமிக்கு இருநூறு ஆகும் அதே குடும்பத்துக்கு இங்கே எண்பதுக்குள் முடியும். மாதத்தின் முதல் செவ்வாய் எல்லோருக்கும் இலவசம். பே ஏரியாவின் ஒன்பது கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வசிப்பவர்களுக்குச் சனிக்கிழமைகளில் நிரந்தரத் தொகுப்பு இலவசம். வசிப்பவர்களுக்கு என்பதுதான் நிபந்தனை, அதனால் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு டிக்கெட் எடுக்கத் தயாராகப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. இதே டிக்கெட்டில் அன்றைக்கே லிங்கன் பார்க்கில் இருக்கும் லீஜியன் ஆஃப் ஹானர் என்ற இன்னொரு அருங்காட்சியகத்துக்கும் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் பெரியவர்களை அழைத்துக்கொண்டு அதையும் முயல வேண்டாம்.

சரி, உள்ளே என்ன? அமெரிக்க ஓவியங்கள், ஆப்பிரிக்க, பசிபிக் தீவுக் கலைப்பொருட்கள், துணிகள். ஓவியம் பார்க்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு அரை நாள் போதாது. இல்லாதவர்களுக்கு நாற்பது நிமிடத்தில் கால் வலிக்கும். அம்மாவுக்குத் தையலிலும் நெசவிலும் ஆர்வம் இருந்தால், அந்த நேரத்தில் துணிக் கண்காட்சி ஏதும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டி யங்கின் துணித் தொகுப்பு பெரியது.

"நம்ம ஊர்ச் சிலை ஏதாவது இருக்கா?" என்று அப்பா கேட்பார். இப்போது இங்கே இல்லை. 1966 முதல் 2001 வரை ஏசியன் ஆர்ட் மியூசியம் இதே பார்க்கில், பழைய டி யங்கை ஒட்டித்தான் இருந்தது. 2003-ல் சிவிக் சென்டரில் இருந்த பழைய நூலகக் கட்டடத்துக்குப் போய்விட்டது. தென்னிந்தியச் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் என்ற நிலையில், கோயில் சிற்பம் பார்த்துப் பழகிய பெற்றோரை டி யங்கைவிட அங்கே கூட்டிப்போகவே நான் சொல்வேன்.

டி யங்கில் டிக்கெட்டே வாங்காமல் கிடைப்பதுதான் என் பார்வையில் அதன் சிறந்த பகுதி. ஒன்பதாவது மாடிப் பார்வைக் கூடத்துக்கு லிஃப்டில் இலவசமாகப் போகலாம். சுற்றிலும் கண்ணாடி. பார்க் எவ்வளவு நீளம், கடல் எங்கே தொடங்குகிறது, நகரம் எப்படி மேடு பள்ளமாக விரிகிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் பிடிபடும். பனிமூட்டம் இருந்தால் ஒன்றும் தெரியாது என்பதால் கீழே நின்று வானத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கோபுரம் அருங்காட்சியகத்துக்கு முன்னதாகவே மூடிவிடும், கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டாம்.

பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் என் ஓட்டு தோட்டங்களுக்குத்தான். மூன்று தோட்டங்களுக்கும் தனித்தனி டிக்கெட்டும் உண்டு, சேர்த்து ஒன்றும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ நகரவாசிகளுக்கு மூன்றும் இலவசம். சன்னிவேல், ஃப்ரீமான்ட் போன்ற வெளியூர் முகவரிக்கு அந்தச் சலுகை இல்லை.

மூன்றில் ஜப்பானிய டீ கார்டனுக்குத்தான் பெயர் அதிகம். 1894-ல் இங்கே நடந்த குளிர்காலப் பொருட்காட்சிக்காக அமைத்தது. பிறகு மகோதோ ஹகிவாரா என்ற ஜப்பானியரும் அவர் குடும்பமும் தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்து பல பத்தாண்டுகள் பராமரித்தார்கள். 1942-ல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவர்களையும் வெளியேற்றியது. போர் முடிந்தும் அந்த வீட்டுக்குத் திரும்ப அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இது தெரிந்து நடந்தால் தோட்டம் வேறு மாதிரித் தெரியும். 1790-ல் வார்த்த ஒரு வெண்கலப் புத்தர் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊர்ப் பெரியவர்கள் அனேகமாக அங்கே செருப்பைக் கழற்றலாமா என்று யோசிப்பார்கள். அரை வட்டமாக எழும் மரப்பாலம் ஏணி போலச் செங்குத்து, புடவையோடு ஏற வேண்டாம். எல்லாம் பார்க்க முக்கால் மணி நேரம் போதும். அதனால் முழு டிக்கெட் கொடுத்துப் போவதைவிட, திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு முன் எல்லோருக்கும் இலவசம் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வார நாளில் லீவு போட முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது, கூட்டமும் இருக்காது.

பொட்டானிக்கல் கார்டன் 55 ஏக்கர். டீ கார்டனிலிருந்து நடந்தே போய்விடலாம். இங்கே ரெட்வுட் என்ற வானளாவிய மரங்களின் தோப்பு ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ரெட்வுட் பார்க்க எல்லோரும் மியூர் உட்ஸ் காட்டுக்குப் போகிறார்கள். அதற்கு முன்கூட்டியே பார்க்கிங் பதிவு செய்ய வேண்டும், மலைப்பாதையில் வளைந்து வளைந்து போவதற்குள் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். இங்கே நூறு வயது தாண்டிய மரங்களுக்கு நடுவே, கிட்டத்தட்டச் சமதளத்தில் நடக்கலாம். மியூர் உட்ஸின் பிரம்மாண்டம் இதில் இல்லைதான், முழங்காலும் வயிறும் ஒத்துழைக்காதவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் மக்னோலியா பூத்திருக்கும். இலையே இல்லாத மரத்தில் உள்ளங்கை அகலப் பூக்கள். அந்த மாதங்களில் இதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தினமும் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இலவசம். ஊரில் வாக்கிங் போகும் பழக்கமுள்ளவர்கள் அந்த நேரத்துக்குத் தயாராகவே இருப்பார்கள், எழுந்திருக்க வேண்டியது நாம்தான்.

கன்சர்வேட்டரி ஆஃப் ஃபிளவர்ஸ் 1879-ல் திறந்த மர, கண்ணாடிக் கட்டடம். வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும். உள்ளே வெப்பமண்டலச் செடிகள். நம் கொல்லைப்புறத்தில் வளர்வதன் உறவுக்காரச் செடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள் டிக்கெட் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்பது அம்மாவின் கேள்வியாக இருக்கும், நியாயமான கேள்விதான். வெளியே பூப்பாத்திகள் இலவசம். அங்கே நின்று குடும்பப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு, குளிர் தாங்க முடியாத நாள். அன்றைக்கு இது கதகதப்பான அடைக்கலம்.

நான்காவது தேர்வு மேற்குப் பக்கம். காட்டெருமைகள், 1903-லும் 1908-லும் கட்டிய இரண்டு காற்றாலைகள், அப்புறம் கடல். செலவே இல்லை. காட்டெருமைகளை 1890-களிலிருந்து இங்கே வளர்க்கிறார்கள். வேலிக்கு வெகு தூரத்தில் அசையாமல் படுத்திருக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. டச்சுக் காற்றாலையின் கீழே பிப்ரவரி, மார்ச்சில் டூலிப் பூக்கும், அப்போது போனால் மனம் நிறையும். மற்ற மாதங்களில் இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். கடல் பார்க்க இறங்குபவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும்: மெரினா மாதிரி நினைத்து வருகிறார்கள், ஜூலையில் கூட ஐந்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு காருக்குத் திரும்புகிறார்கள். பக்கத்துக் கிரேட் ஹைவேயின் ஒரு பகுதி 2025-ல் சன்செட் டியூன்ஸ் என்ற பூங்காவாக மாறிவிட்டது, அதில் கார் போகாது. பழைய நினைவில் ஓட்டிக்கொண்டு வருபவர்கள் வழியை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

லிங்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. போக்குவரத்தைத் தடுக்க வைத்திருந்த ஒரு கருங்கல் தூணை நகராட்சி ஆட்கள் இந்தப் பார்க்குக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். வடிவத்தைப் பார்த்துச் சிலர் பூ வைத்துக் கும்பிடத் தொடங்க, 1990-களின் தொடக்கத்தில் அது ஒரு திறந்தவெளிச் சிவன் கோயிலாகவே ஆகிவிட்டது. வழக்கு வரை போய், 1994-ல் கல் வேறு இடத்துக்கு மாறியது. நடக்கிற களைப்பில் இந்தக் கதையைச் சொன்னால் அப்பா இன்னும் கால் மைல் நடப்பார்.

மதியத்துக்கு மேல் எங்கே என்றால், மியூசிக் கான்கோர்ஸ், ஏரி இரண்டும்தான். கான்கோர்ஸ் என்பது அகாடமிக்கும் டி யங்குக்கும் நடுவே உள்ள பள்ளமான திடல். வரிசையாக நின்று கிளை வெட்டிவிட்ட மரங்கள், அவற்றின் கீழே பெஞ்சுகள், ஒரு கோடியில் 1900-ல் கட்டிய இசை மேடை. கட்டிக்கொண்டு வந்த புளியோதரையையும் தயிர்சாதத்தையும் பிரிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அருங்காட்சியகக் கஃபேக்களில் சைவம் கிடைக்கும், ஆனால் விலையும் காரமும் பெரியவர்களுக்கு ஒத்துவருவது சந்தேகம். ப்ளூ ஹெரான் ஏரியை ஸ்டோ லேக் என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும், 2024-ல்தான் பெயர் மாற்றினார்கள். மிதிபடகு எடுக்கலாம், ஏறி இறங்க முடியாதவர்கள் கரையைச் சுற்றி நடக்கலாம். சமதளம், ஒரு மைல்தான், வழியில் வாத்தும் ஆமையும். நடுவே இருக்கும் ஸ்ட்ராபெரி ஹில்லில் ஏற்றம் உண்டு, இளையவர்கள் போய்விட்டு வரட்டும்.

எதைத் தேர்ந்தாலும் அதைக் கெடுக்கக்கூடியது வானிலைதான். பெற்றோர் வருவது பெரும்பாலும் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடலிலிருந்து மூட்டம் ஏறி இந்த மேற்குப் பகுதியில்தான் முதலில் உட்காரும். சான் ஹோசேயில் 32 டிகிரி, இங்கே 15 என்பது சாதாரணம். காலையில் வீட்டு வாசல் வெயிலைப் பார்த்து, "ஸ்வெட்டர் எதுக்கு?" என்று சொல்வதை ஒத்துக்கொள்ளாதீர்கள். மூட்ட நாளில் அகாடமி, தெளிந்த நாளில் தோட்டம் என்று முந்தைய நாள் இரவே இரண்டு திட்டமாக வைத்துக்கொண்டு, காலையில் வெப்கேம் பார்த்துவிட்டு மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். செப்டம்பர், அக்டோபர்தான் இங்கே உண்மையான கோடை. பயணத்தைத் தள்ளிவைக்க முடிந்தால் அந்த மாதங்களுக்குத் தள்ளுங்கள்.

போய்ச் சேர்வதற்குக் காரா ரயிலா? நடக்கச் சிரமப்படுபவர்கள் இருந்தால் கார், அதுவும் கான்கோர்ஸ் அடித்தளப் பார்க்கிங். விலை கூடத்தான், ஆனால் லிஃப்டில் மேலே வந்தால் இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் நடுவே நிற்பீர்கள். இரண்டிலும் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். தெருவோரத்தில் காசில்லாமல் நிறுத்தினால் காருக்குள் ஒரு பையும் தெரியக் கூடாது, கண்ணாடியை உடைத்து எடுப்பது இந்த நகரத்தில் பழகிப்போன திருட்டு. மாத்திரைப் பெட்டியும் பாஸ்போர்ட்டும் இருக்கிற அம்மாவின் கைப்பை காரில் தங்கவே கூடாது. பார்க்குக்குள் போகும் ஜான் எஃப் கென்னடி டிரைவின் கிழக்குப் பகுதியில் கார் போக முடியாது, 2022 தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டு அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். காருக்குப் பயப்படாமல் நடக்கலாம், வாசலில் இறக்கிவிடுவதுதான் கொஞ்சம் சுற்று. நன்றாக நடப்பவர்கள் என்றால் கால்டிரெயினில் சான் ஃபிரான்சிஸ்கோ கடைசி நிறுத்தம் வரை வந்து, அங்கிருந்தே கிளம்பும் 'N ஜூடா' என்ற டிராமில் ஒன்பதாவது அவென்யூவில் இறங்கினால் பார்க் வாசல் பக்கம்தான். டிராமே அவர்களுக்கு ஒரு வேடிக்கை.

தேதி குறிப்பதற்கு முன் ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் அவுட்சைட் லேண்ட்ஸ் இசைவிழாவையும், அக்டோபர் தொடக்கத்தில் வரும் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ் விழாவையும் காலண்டரில் பார்த்துவிடுங்கள். அந்த வார இறுதிகளில் பார்க்குக்குள் வழிகள் அடைபடும், டிராமில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.